ஜெர்மானிய நகர இலச்சினைகளும் கொடிகளும்: இடுகுறி, காரணக்குறி நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மானிய நகரங்கள் தம் இலச்சினைகளிலும் கொடிகளிலும் தாங்கியுள்ள உருவங்கள் எவ்வாறு தோன்றின, தோன்றிய பொருளிலேயே அவை நிலைத்தனவா என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. பெர்லின், மியூனிக், பிரேமன், கொலோன், மைன்ஸ், கோபுர்க் முதலிய நகரங்களின் சான்றுகள்வழி, இலச்சினையின் பொருள் அதன் தோற்றத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதும், அதனைப் படிக்கும் தலைமுறைகள் அதற்குப் புதிய காரணம் கற்பித்துக்கொண்டே வருகின்றன என்பதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. தமிழ் இலக்கண மரபின் இடுகுறி, காரணக்குறி என்னும் பாகுபாடு ஆய்வுக் கருவியாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: நகர இலச்சினை, நகரக்கொடி, பேசும் இலச்சினை, இடுகுறி, காரணக்குறி, குறியியல்

முன்னுரை

ஒரு பொருளுக்குப் பெயர் ஏற்பட்டதற்கான காரணம் புலப்படுமாயின் அது காரணப்பெயர்; காரணம் புலப்படாமல் வழக்கால் மட்டுமே நிலைபெற்றதாயின் அது இடுகுறிப்பெயர் என்பது நன்னூல் வழிவந்த பாகுபாடு. சொல் தன் பொருளை உணர்த்துவதற்கான காரணம் வெளிப்படையாகத் தோன்றாது என்பதைத் தொல்காப்பியர் உரியியலில் குறித்துள்ளார். இவை சொல்லைப் பற்றிய கருத்துகள். எனினும், ஓர் ஊர் தன் அடையாளமாகத் தாங்கும் உருவத்தைக் காணும்போதும் இதே வினா எழுகின்றது. பெர்லினுக்குக் கரடி ஏன்? பிரேமனுக்குச் சாவி ஏன்? அவ்வூரார் இவற்றுக்கு விடை வைத்திருக்கின்றனர். அவ்விடைகளுட் பல வரலாற்றோடு பொருந்தாதவை. பொருந்தாத விடையே நகரத்தின் உண்மையாக நிலைபெற்றுவிடுவதும் உண்டு. இக்கட்டுரையின் ஆர்வம் அந்நிகழ்வில்தான் உள்ளது.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. ஜெர்மன் மொழியில் இலச்சினை 'வாப்பன்' எனப்படும். படைக்கலத்தைக் குறிக்கும் 'வாஃப' என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரின. 12ஆம் நூற்றாண்டில் முகத்தை மறைக்கும் தலைக்கவசம் அணிந்த வீரர்களைப் போர்க்களத்தில் இனங்காண, கேடயத்தில் வண்ண உருவம் தீட்டும் வழக்கம் பரவியது. அதுவே இலச்சினை மரபின் தொடக்கம். இக்கட்டுரையில் கேடய வடிவில் அமைந்த வண்ண உருவம் இலச்சினை என்றும், ஆவணத்தில் மெழுகில் பதிக்கப்படுவது முத்திரை என்றும் வேறுபடுத்தி ஆளப்படுகின்றன.

முத்திரையிலிருந்து கேடயத்திற்கு

நகரம் தலைக்கவசம் அணிவதில்லை. வீரனைப்போல் களம் புகுவதுமில்லை. ஆகவே, கேடயம் நகரத்திற்கு நேரடியாக வந்ததன்று. முத்திரையின் வழியாக வந்தது. நகர மன்றம் உடன்படிக்கை செய்யவும், நிலம் வாங்கவும், கடன் பெறவும் தொடங்கியபோது அதனை ஒரு சட்ட ஆளுமையாகக் காட்டும் கருவி தேவைப்பட்டது. மன்ற உறுப்பினர் மாறினாலும் மாறாதிருக்கும் முத்திரையே அக்கருவி. கொலோன், ட்ரியர், மைன்ஸ் ஆகிய நகரங்கள் 12ஆம் நூற்றாண்டிலேயே முத்திரை கொண்டிருந்தன. முத்திரையில் வண்ணம் இல்லை. பின்னாளில் முத்திரையின் உருவம் கேடயத்திற்குப் பெயர்ந்தபோதுதான் அது வண்ணம் பெற்றது.

தொடக்கக்கால முத்திரைகளில் மதிலும் வாயிலும் கோபுரமும் மிகுதியாகக் காணப்படுகின்றன. சிற்றூரிலிருந்து நகரத்தைப் பிரித்துக் காட்டியது மதிலே என்பதால் இதில் வியப்பில்லை. ஹாம்பர்க் நகரின் இலச்சினை இவ்வகைக்குத் தக்க சான்று: சிவப்புப் புலத்தில் மூன்று கோபுரங்களையுடைய வெண்ணிறக் கோட்டை, நடுக்கோபுரத்தின் உச்சியில் சிலுவை, பக்கக் கோபுரங்களுக்கு மேல் இரு விண்மீன்கள். விண்மீன்களை அன்னை மரியாளின் குறியாகக் கொள்வது மரபு. கோட்டை வாயில் மூடியே இருக்கின்றது. ஆனால், துறைமுக நகரான ஹாம்பர்க் தன்னை 'உலகின் வாயில்' என அழைத்துக்கொள்கிறது. இலச்சினையிலுள்ள வாயிலும் அப்பொருளிலேயே இன்று படிக்கப்படுகிறது. பகைவரைத் தடுக்க எழுந்த மதில் வணிகரை வரவேற்கும் வாயிலாகப் பொருள் மாறியுள்ளமை கருதத்தக்கது.

வண்ணங்களுக்கு வரையறை உண்டு. பொன், வெள்ளி ஆகியவை உலோகங்கள். இவை மஞ்சளாலும் வெள்ளையாலும் காட்டப்படும். சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை ஆகியவை நிறங்கள். உலோகத்தின்மேல் உலோகமோ, நிறத்தின்மேல் நிறமோ அமைதல் ஆகாது என்பது பொதுவிதி. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு உருவம் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதே இதன் நோக்கம். மற்றொரு மரபையும் நினைவிற் கொள்ளவேண்டும். இலச்சினையின் வலம், இடம் ஆகியவை கேடயத்தை ஏந்தி நிற்பவரின் நோக்கில் கணக்கிடப்படும். நாம் இடப்புறமாகக் காண்பது இலச்சினைக்கு வலப்புறம். இம்மரபை அறியாமல் எழுதப்பட்ட விளக்கங்களில் உருவங்கள் இடம் மாறிக் கிடப்பதைக் காணலாம்.

பேசும் இலச்சினை

நகரின் பெயரை உருவத்தால் ஒலிக்கச் செய்யும் இலச்சினையை ஜெர்மானியர் 'பேசும் இலச்சினை' என வழங்குவர். கிரைஃப்ஸ்வால்ட் நகரம் 'கிரைஃப்' என்னும் சிறகுடைய கற்பனை விலங்கைத் தாங்குவதும், ஸ்டுட்கார்ட் நகரம் பொன்னிறப் புலத்தில் கருங்குதிரையைத் தாங்குவதும் இவ்வகையின. ஸ்டுட்கார்ட் என்னும் பெயர் குதிரை வளர்க்கும் பண்ணையைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது. இங்குப் பெயர்க்காரணமும் உருவமும் ஒன்றுபட்டு நிற்கின்றன. இதனைக் காரணக்குறி எனத் தயக்கமின்றிக் கூறலாம்.

பெர்லினின் நிலை வேறு. அப்பெயர் சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ஸ்லாவிய மொழிச் சொல்லினின்று வந்தது என்பது மொழியியலார் பலரும் ஏற்கும் கருத்து. ஜெர்மன் மொழி பேசும் குடிகள் அங்கு வந்து நிலைத்தபோது அச்சொல்லின் பொருள் அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்காத பெயரின் முதலசையில் அவர்கள் கரடியைக் கேட்டனர். ஜெர்மன் மொழியில் கரடிக்கு 'பேர்' என்று பெயர். 1280ஆம் ஆண்டு முத்திரையில் பிராண்டன்பர்க் அரசின் கழுகு பொறித்த கேடயத்தின் இருபுறமும் கரடிகள் நிற்கின்றன. இடுகுறியாகிவிட்ட அயற்சொல் ஒன்று ஒலியொப்புமையால் காரணக்குறியாக்கப்பட்டதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. இதைப் பிழை என்று ஒதுக்குவது எளிது. ஆனால், காரணம் தெரியாத பெயரோடு மக்கள் நெடுங்காலம் வாழ்வதில்லை என்னும் மொழியியல்பு இதில் வெளிப்படுகிறது.

பெர்லின் கரடியின் பின்வரலாறு இன்னும் சுவையானது. 1448இல் பிராண்டன்பர்க் ஆட்சியாளர் இரண்டாம் ஃபிரீட்ரிக்கை எதிர்த்துக் கிளர்ந்த நகரத்தார் தோற்றுப் பல உரிமைகளை இழந்தனர். 1460ஆம் ஆண்டு முத்திரையில் கரடி நான்கு காலில் நிற்கிறது. அதன் முதுகின்மீது பிராண்டன்பர்க் கழுகு நகங்களை ஊன்றி அமர்ந்திருக்கிறது. தோல்வியின் ஆவணமாகவே இம்முத்திரை படிக்கப்பட்டு வருகிறது. 1709இல் ஐந்து நகரங்களை இணைத்துப் பெர்லின் விரிவாக்கப்பட்டபோது பிரஷ்யக் கழுகும் பிராண்டன்பர்க் கழுகும் மேலே வீற்றிருக்க, கரடி கழுத்துப்பட்டையுடன் கீழே நின்றது. 1875இல் கழுத்துப்பட்டை நீங்கியது. 20ஆம் நூற்றாண்டில் கழுகுகளும் அகன்றன. 1954இல் மேற்குப் பெர்லின் ஏற்றுக்கொண்ட இலச்சினையில் வெள்ளிப் புலத்தில் சிவந்த நாவும் நகங்களும் கொண்ட கருங்கரடி தனித்து எழுந்து நிற்கிறது. நாடு ஒன்றிணைந்தபின் அதுவே முழு நகருக்கும் உரியதாயிற்று. அரசருக்கும் நகரத்தார்க்கும் இடையிலான உறவின் ஏற்ற இறக்கங்களைக் கரடியின் நிற்கும் நிலையைக் கொண்டே வரிசைப்படுத்திவிடலாம்.

மியூனிக் நகரில் காரணம் பிழைபடவில்லை, உருவம்தான் மாறியது. ஜெர்மன் மொழியில் 'மியூன்ஷன்' எனப்படும் அப்பெயர், துறவிகளின் இடம் என்னும் பொருளுடையது. 1158ஆம் ஆண்டு ஆவணத்தில் முதன்முதலாகக் காணப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டு முத்திரையிலேயே துறவி இடம்பெற்றுவிட்டார். கருநிற அங்கியும் கையில் சிவப்பு நூலுமாக அவர் இன்றும் அதிகாரமுறை இலச்சினையில் உள்ளார். ஆயின், மக்கள் வழக்கில் அவ்வுருவத்தின் பெயர் 'மியூனிக் குழந்தை' என்பதாகும். முத்திரையின் சிறு பரப்பில் செதுக்கப்பட்ட துறவியின் முகம் நூற்றாண்டுகள் செல்லச் செல்ல இளமை எய்திச் சிறுவனாகி, பிற்காலத்தில் சிறுமியாகவும் ஆயிற்று. அக்டோபர் திருவிழா ஊர்வலத்தின் முன்னே கருப்பும் மஞ்சளும் கலந்த அங்கியில் இளம்பெண் ஒருவர் குதிரைமேல் வருகிறார். அஞ்சலட்டைகளில் அக்குழந்தையின் கையிலிருந்த நூல் பீர்க் கோப்பைக்கும் முள்ளங்கிக்கும் இடம் கொடுத்துவிட்டது. துறவறத்தின் குறி விருந்தோம்பலின் குறியாகிவிட்டமைக்கு நகராட்சி ஆணை ஏதும் காரணமன்று, வழக்கே காரணம்.

காவற்புனிதர் தந்த குறிகள்

பிரேமன் நகரின் இலச்சினை சிவப்புப் புலத்தில் வெள்ளிச் சாவி. அந்நகரப் பேராலயத்தின் காவற்புனிதர் பேதுரு. விண்ணகத்தின் திறவுகோல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதாக விவிலியம் கூறும். பிரேமன், சமயச் சீர்திருத்தத்தை ஏற்றுப் புராட்டஸ்டன்ட் நகரமாகியது. புனிதர் வழிபாடு மறைந்தது, சாவி மறையவில்லை. இன்று அந்நகரத்தார் சொல்லும் பகடி ஒன்று உண்டு: ஹாம்பர்க் உலகின் வாயிலாக இருக்கலாம், அதன் சாவி எங்களிடம் உள்ளது. இரு வணிக நகரங்களின் போட்டி, புனிதரின் சாவியை வணிகரின் சாவியாக்கிவிட்டது.

கொலோன் நகரின் இலச்சினையில் மேற்பகுதி சிவப்பு. அதில் மூன்று பொன்முடிகள். கீழ்ப்பகுதி வெண்மை, அதில் கருநிறத் துளிகள் பதினொன்று. 1164இல் பேராயர் ரைனால்ட் மிலான் நகரிலிருந்து மூன்று ஞானியரின் திருப்பண்டங்களைக் கொலோனுக்குக் கொண்டுவந்தார். கிழக்கிலிருந்து குழந்தை இயேசுவைக் காணவந்த அம்மூவரை அரசர்களாகக் கொள்வது மேற்கத்திய மரபாதலால் மூன்று முடிகள். கருந்துளிகளோ புனித ஊர்சுலாவையும் அவரோடு கொல்லப்பட்டதாகக் கூறப்படும் கன்னியரையும் குறிப்பன. மரபுக்கதை கன்னியரின் தொகையைப் பதினோராயிரம் என்கிறது. இலச்சினை பதினொன்றோடு அமைகிறது. அத்துளிகளின் வடிவம் எர்மின் என்னும் சிறுவிலங்கின் வால்முனையை ஒத்தது. ஊர்சுலா பிறந்ததாகக் கூறப்படும் பிரித்தானி நாட்டின் இலச்சினை எர்மின் தோலே என்பதால் வடிவத்துக்கும் காரணம் காட்டப்படுகிறது. நகரின் பழைய முத்திரையில் வீற்றிருந்தவர் பேதுரு. பேராலயத்தின் காவலரான அவரைப் பேராயரின் குறியாகவும் காண இடமுண்டு. 1288இல் வோரிங்கன் போருக்குப்பின் பேராயரின் ஆட்சிப்பிடி நகரின்மீது தளர்ந்தது. அதன்பின் நிலைபெற்ற கேடயத்தில் பேதுரு இல்லை. யாத்திரிகர் தேடிவந்த அரசர் மூவரின் முடிகள் உள்ளன. இவ்வொழுங்கைத் தற்செயல் எனக் கொள்ள எனக்கு மனமில்லை.

ஆண்டவர் போயினும் நிற்கும் குறி

மைன்ஸ் நகரின் இலச்சினை, சிலுவையால் இணைக்கப்பட்ட இரு வெள்ளிச் சக்கரங்கள். 975 முதல் 1011 வரை பேராயராக இருந்த வில்லிகிஸ், தேர்த்தச்சனின் மகன் என்றும், அவரது குலத்தை இகழ விரும்பியோர் அவர் மாளிகைச் சுவர்களில் சக்கரம் வரைந்தனர் என்றும், அவர் அவ்விகழ்ச்சியையே தம் குறியாக ஏற்றார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மானிய மரபுக்கதைகளிலும் இது உண்டு. வில்லிகிஸ் வாழ்ந்த காலத்தில் இலச்சினை மரபே தோன்றவில்லை. எனவே, சக்கரம் முன்னது, கதை பின்னது என்பது தெளிவு. காரணம் மறந்த குறிக்கு மக்கள் கதையால் காரணம் வழங்கினர். பிறப்பால் இழிவு கற்பித்தோரை அக்கதை எதிர்கொள்ளும் முறைதான் அதனை இத்தனை நூற்றாண்டு வாழவைத்தது என்று கருதலாம்.

துரிங்கியா மாநிலத்தின் எர்ஃபுர்ட் நகரமும் சிவப்புப் புலத்தில் வெள்ளிச் சக்கரம் ஒன்றைத் தாங்குகிறது. காரணம், அந்நகரம் பல நூற்றாண்டுகள் மைன்ஸ் பேராயரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவ்வாட்சி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முடிந்துபோயிற்று. ஆளப்பட்டதன் அடையாளம் அந்நகரின் சொந்த அடையாளமாக எஞ்சியது. ட்ரெஸ்டன், லைப்சிக் ஆகிய இரு நகரங்களும் ஒரே அரசகுலத்தின் குறிகளான மைசன் சிங்கத்தையும் இரு செங்குத்துப் பட்டைகளையும் தாங்குகின்றன. லைப்சிக்கின் பட்டைகள் நீலம். ட்ரெஸ்டனின் பட்டைகள் கருப்பு. ஒன்றையொன்று வேறுபடுத்தவே இம்மாற்றம். இங்கு நிறத்திற்குத் தனிப்பொருள் தேடுவது வீண். வேறுபாடே பொருள் என்னும் சசூரின் கருத்துக்கு இதனை எடுத்துக்காட்டாக்கலாம்.

கொடியின் மொழி

இலச்சினை நுணுக்கமானது; கொடி காற்றில் அலைவது. நுணுக்கம் காற்றில் நிற்பதில்லை. ஆகவே, நகரக்கொடி பெரும்பாலும் இலச்சினையின் வண்ணங்களை மட்டும் பட்டைகளாக ஏற்கும். உருவத்தின் வண்ணம் முதலிலும், புலத்தின் வண்ணம் அடுத்தும் வருவது பொதுநெறி. நகரக் கொடிகள் பலவும் கம்பத்தின் உச்சியிலிருந்து நெடிது தொங்கும் வடிவில் ஏற்றப்படுதல் ஜெர்மானிய வழக்கின் தனித்தன்மை. ட்ரெஸ்டனின் கொடி கருப்பும் பொன்னும். லைப்சிக்கின் கொடி நீலமும் பொன்னும். மேற்கண்ட பட்டை வேறுபாடு இங்கு முழுக்கொடியின் வேறுபாடாக விரிகின்றது. மியூனிக் கொடி கருப்பும் பொன்னுமாய்ப் பட்டை வடிவிலும் சாய்சதுரக் கட்ட வடிவிலும் பறக்கும். வட கடலோர வணிக நகரங்களான ஹாம்பர்க், பிரேமன், லூபெக் மூன்றும் சிவப்பும் வெள்ளையும் கொண்டவை. ஹன்சா வணிகக் கூட்டமைப்பின் நினைவு அவ்வண்ணங்களில் தங்கியுள்ளது. பிரேமனின் கொடியில் சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் மாறிமாறி வர, கம்பத்தை ஒட்டிய பகுதி கட்டங்களாக அமையும். மக்கள் அதனைப் 'பன்றிக்கொழுப்புக் கொடி' என்று செல்லமாக அழைக்கின்றனர். கொழுப்பும் தசையும் அடுக்கடுக்காக அமைந்த இறைச்சித் துண்டின் தோற்றம் அவர்களுக்கு அதில் தெரிகின்றது. இதற்கும் பேதுருவுக்கும் தொடர்பில்லை. ஆனால், மக்கள் வாய்மொழியில் வாழும் பெயர் இதுவே.

இலச்சினையைத் தனியார் தம் விருப்பம்போல் பயன்படுத்தச் சட்டம் இடந்தருவதில்லை. ஹாம்பர்க் போன்ற நகரங்கள் பொதுமக்கள் பயன்பாட்டிற்கெனக் கோட்டையின் எளிய வடிவத்தைத் தனியே வழங்கியுள்ளன. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் மேற்கு ஜெர்மனியின் உள்ளாட்சி அமைப்புகள் ஏறத்தாழ 24,000 என்னும் எண்ணிக்கையிலிருந்து சுமார் 8,500ஆகக் குறைக்கப்பட்டபோது, இணைக்கப்பட்ட சிற்றூர்களின் இலச்சினைகள் ஆட்சிக்குறி என்னும் தகுதியை இழந்தன. ஒரு சிற்றூரின் மரமோ ஆலைச்சக்கரமோ புதிய கேடயத்தின் ஒரு மூலையில் இடம்பெறுமா என்பது அவ்வூரார்க்குச் சிறிய வினாவன்று.

அதிகாரமும் கோபுர்க் நகரின் தலையும்

அதிகாரம் மாறும்போது குறி முதலில் தாக்குறும். நெப்போலியன் ஆட்சியில் பிரெஞ்சுப் பேரரசின் 'நன்னகரங்கள்' பட்டியலில் சேர்க்கப்பட்ட கொலோன், மைன்ஸ், ஹாம்பர்க், பிரேமன், லூபெக் ஆகியவற்றின் கேடயங்களுக்குச் சிவப்புத் தலைப்பட்டையும் அதில் மூன்று பொன் தேனீக்களும் விதிக்கப்பட்டன. நெப்போலியன் வீழ்ந்ததும் தேனீக்கள் பறந்துபோயின. அவற்றுக்குக் காரணம் இருந்தது, வழக்கு இல்லை.

பவேரியா மாநிலத்தின் கோபுர்க் நகரம் பொன்னிறப் புலத்தில் கருநிற மனிதத் தலையைத் தாங்குகிறது. காதில் பொன் வளையம். இத்தலை அந்நகரின் காவற்புனிதரான மௌரிசியுசின் தலை. எகிப்தின் தீப்ஸ் பகுதிப் படைக்குத் தலைமை தாங்கிக் கிறித்தவ நம்பிக்கைக்காக உயிர்நீத்தவர் எனக் கூறப்படும் அவரது பெயரிலேயே கருநிற மக்களைக் குறிக்கும் இலத்தீன்சொல் ஒலிக்கின்றது. 13ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட மாக்டபர்க் பேராலயச் சிலை அவரைக் கவசம் அணிந்த ஆப்பிரிக்க வீரராகக் காட்டுகிறது. அச்சிலையின் பெருமிதம் ஐரோப்பியக் கலைவரலாற்றில் தனித்துக் குறிக்கப்படுவது.

1929இல் நாஜிக் கட்சி நகரமன்றத்தில் பெரும்பான்மை பெற்ற முதல் ஜெர்மானிய நகரம் கோபுர்க். 1934இல் கருநிறத் தலை அகற்றப்பட்டு, கைப்பிடியில் ஸ்வஸ்திகா பொறித்த வாள் அவ்விடத்தில் வைக்கப்பட்டது. இனத்தூய்மை பேசியவர்க்கு அத்தலை பொறுக்கவில்லை. 1945இல் பழைய இலச்சினை மீண்டது. மீண்டும் 2020இல், இனப்பாகுபாட்டிற்கு எதிரான குரல்கள் பல நாடுகளில் எழுந்த சூழலில், அத்தலையை நீக்கவேண்டும் என்று விண்ணப்பம் ஒன்று முன்வைக்கப்பட்டது. தடித்த உதடும் காதணியும் கொண்ட அவ்வுருவம் கருநிற மக்களை இழிவுறக் காட்டுகிறது என்பதும், அதனைக் குறிக்க வழங்கும் 'மோர்' என்னும் சொல் இழிசொல் என்பதும் விண்ணப்பத்தாரின் கருத்து. காக்கவேண்டும் என்று எதிர் விண்ணப்பமும் எழுந்தது. 'இது புனிதரின் உருவம். இதனை அகற்றியவர் நாஜிகளே' என்பது காப்போர் வாதம்.

இவ்விரு தரப்பும் ஒரே வினாவுக்கு விடை கூறவில்லை. காப்போர் குறி தோன்றிய காரணத்தைச் சொல்கின்றனர். எதிர்ப்போர் குறி இன்று படிக்கப்படும் முறையைச் சொல்கின்றனர். பெர்லின், பிரேமன் சான்றுகள் காட்டுவதுபோல், தோற்றக் காரணம் பிற்காலப் படிப்பைக் கட்டுப்படுத்துவதில்லை. எனவே, புனிதர் என்னும் விடை மட்டும் போதியதன்று. அதேவேளை, 1934இன் நிகழ்வு அக்குறியின் பொருளில் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. அதனைக் கணக்கில் கொள்ளாமல் அகற்றுவதும் எளிதன்று. உருவ அமைப்பை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மாக்டபர்க் சிலைக்குக் கவசம் உண்டு, உடல் உண்டு, தலைவனின் நிலை உண்டு. கோபுர்க் கேடயத்தில் ஒளிவட்டமோ கவசமோ இல்லை; தலையும் காதணியும் மட்டுமே உள்ளன. அவர் புனிதர் என்பதைக் காட்டும் அடையாளம் உருவத்திற்குள் இல்லை. அதனை முன்பே அறிந்தவரின் நினைவில்தான் உள்ளது. அறியாதவர்க்கு அது காதணி பூண்ட ஒரு கருநிறத் தலை.

நகராட்சி இலச்சினையை மாற்றவில்லை. கோபுர்க் தெருக்களில் பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடிகளிலும் அத்தலை வார்க்கப்பட்டுள்ளது; அந்நகருக்குப் புதிதாக வருபவர் மௌரிசியுசின் பெயரைக் கேட்பதற்கு முன்பே அதன்மீது நடந்து செல்கின்றார்.